வீட்டில் ஊற்றிய சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்: அச்சிலிருந்து எடுத்த பிறகு என்ன செய்கிறோம்?

வீட்டிலேயே சாஃப்ட் பிளாஸ்டிக் லூர், அதாவது தூண்டிலில் மாட்டும் மெத்தென்ற செயற்கை இரை, ஊற்றும் ஆட்கள் சென்னைப் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள், மனதார சந்தோஷம். ஆனால் யாராவது ஆசையாகக் கொண்டுவந்து நீட்டும் கவரைப் பிரித்தால் பாதி லூருக்கு வால் மடிந்திருக்கும், வெள்ளை லூரின் முதுகில் பக்கத்திலிருந்த சிவப்பு ஏறியிருக்கும், கவரின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். கேட்டால் அச்சைப் பற்றிச் சொல்வார்கள், கலரைப் பற்றி, கிளிட்டரைப் பற்றி. அச்சிலிருந்து எடுத்து எதன்மேல் வைத்தீர்கள், எவ்வளவு நேரம் விட்டீர்கள், எந்தக் கவரில் போட்டீர்கள் என்றால் பதில் வராது. லூர் நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதனால் ஊற்றுவதைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, அதற்கப்புறம் நடப்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

வால் கோணினால் என்ன, மீனுக்கு அதெல்லாம் தெரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். மீனுக்குத் தெரிகிறதோ இல்லையோ, தண்ணீருக்குத் தெரியும். துடுப்பு மாதிரி அகன்ற வால், அதாவது பேடில் டெயில், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இழுக்கும்போது வால் அடிக்காது, லூர் முழுசாகச் சுற்றிக்கொண்டு வரும். சுற்றினால் லைன் முறுக்கும், பின்னல் நூலான பிரெய்டு லைனாக இருந்தால் நாலு வீச்சுக்குள் எங்காவது சிக்கு விழும், அப்புறம் கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டியதுதான். அதற்குள் ஓதம் திரும்பிவிடும்.

நான் பெரும்பாலும் போவது முட்டுக்காடு, கோவளம் பக்கம், முடிந்தபோது பழவேற்காடு. கொடுவாவும் செப்பிலியும்தான் குறி, மழைக்குப் பிறகு ஏரிகளில் விரால். கழிமுகத்தில் பேத்தை இருக்கும் இடத்தில் லூர் போட்டவர்களுக்குத் தெரியும், தூண்டிலில் மாட்டாமல் வாலை மட்டும் அரைவட்டமாக, கத்தரியால் நறுக்கின மாதிரி கடித்துக்கொண்டு போய்விடும். ஒரு காலையில் ஒரு கவர் காலியாகிவிடும். வெளிநாட்டு லூர் விலைக்கு இது கட்டுப்படியாகாது. ஊற்ற ஆரம்பித்ததற்கு எனக்கு இதுதான் காரணம், பலருக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சரக்கின் கதை டயர் கம்பெனியில் தொடங்கி வீட்டு அடுப்படிக்கு வருகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர், 1926-இல், யாருக்கும் பெரிதாக உபயோகப்படாமல் கிடந்த பிவிசியைக் கொதிநிலை அதிகமுள்ள ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தார். ஆறியதும் ரப்பர் மாதிரி வளைந்து நிமிரும் பொருள் கிடைத்தது. அதே ஆக்ரனில் 1949-இல் நிக் கிரீம் என்ற மெஷின் தொழிலாளி தன் மனைவி காஸ்மாவோடு சேர்ந்து வீட்டு அடுப்பில் வினைல் மண்புழு வார்த்துப் பார்த்தார். இன்று நாம் வார்ம் (புழு வடிவம்) என்றும் ஷாட் (மீன் வடிவம்) என்றும் வாங்கும் அத்தனைக்கும் அதுதான் மூத்தது. அவர்கள் அடுப்படியில் செய்தார்கள் என்பதற்காக நீங்களும் சமையலறையில் செய்யாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நாம் ஊற்றும் மூலப்பொருளான பிளாஸ்டிசால் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். மிக நுண்ணிய பிவிசி தூள், அதை இளக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயில் கலந்து நிற்கிறது, அவ்வளவுதான். கேன் சும்மா நின்றால் தூள் அடியில் படிந்து இறுகிவிடும், மேலே எண்ணெய் நிற்கும். மேலாக ஊற்றி எடுத்தால் லூர் கொழகொழவென்று வரும், கேனின் அடிப்பாகம் வரும்போது கட்டையாக வரும், கேட்டால் சரக்கு மட்டம் என்பார்கள். அடிவரை கரண்டி விட்டுக் கலக்க வேண்டும், குலுக்கினால் போதாது, குலுக்கலில் காற்றும் சேரும். கலக்கிவிட்டுக் குமிழி மேலே வந்து உடையும்வரை விட்டுவிடுங்கள். நம் ஊரில் சாவிக்கொத்து, கைப்பிடி உறை செய்பவர்களுக்கு விற்கும் பிளாஸ்டிசாலும் கிடைக்கிறது, விலை குறைவு, ஆனால் அது லூருக்கு அதிகக் கட்டை. பிளாஸ்டிசைசர் சேர்த்து இளக்கித்தான் ஆக வேண்டும். கடையில் டி.ஓ.பி. ஆயில் என்று கொடுப்பார்கள். அது தாலேட் வகை, குழந்தைகள் பொம்மையில் அதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. தாலேட் இல்லாத வகையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள், நாள் முழுக்கக் கையில் படுகிற பொருள்.

இது பெயின்ட் மாதிரி உலர்ந்து இறுகுகிற பொருள் இல்லை. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. சூடேறும்போது அந்தத் தூள் எண்ணெயை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று உருகிச் சேர்கிறது. முதலில் கட்டி கட்டியாகத் திரியும், பயப்பட வேண்டாம், இன்னும் சூடேறினால் இளகிக் கண்ணாடி மாதிரி தெளியும். சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரவேண்டும். வெயிலில் வைத்தாலோ ஒரு வாரம் அலமாரியில் வைத்தாலோ இந்த வேலை நடக்காது. அரைகுறையாக வெந்த லூரை எத்தனை நாள் வைத்தாலும் அது அரைகுறைதான், கவரில் எண்ணெய் கக்கிக்கொண்டே இருக்கும், ஜிக் ஹெட்டில் (கனமான தலையுள்ள தூண்டில் ஊசி) ஏற்றும்போது ரொட்டித் துண்டு மாதிரி பிட்டுக்கொள்ளும். பேக்கிங் தப்பு என்று நினைக்கிற பல விஷயத்துக்கு மூலம் அடுப்பில்தான் இருக்கிறது.

வெந்ததா இல்லையா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஆறின லூரை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், நன்றாக வெந்தது பல மடங்கு நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வரும், வேகாதது சட்டென்று அறுந்து, அறுந்த முகம் மாவு மாவாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை அசிட்டோனில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். வேகாத துண்டு கரைந்து உதிரும், வெந்தது உருவம் கலையாமல் நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரிலும் செய்யலாம், ஆனால் அசிட்டோன் இல்லாத ரிமூவர்களும் விற்கிறார்கள், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும், கலக்கிவிட்டு உடனே அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சூடு மிஞ்சினால் சரக்கு மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிப் புகையும். பிவிசி கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். அதனால்தான் சமையலறை வேண்டாம் என்கிறேன். மொட்டை மாடியில் நிழலோடு காற்றோட்டமான இடம், இதற்கென்றே ஒரு பழைய மைக்ரோவேவ், அதில் மறுபடி சாப்பாடு சூடு பண்ணவே கூடாது. ஆவிக்கும் அமில வாயுவுக்கும் ஏற்ற கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வேண்டும், துணி மாஸ்க் எதையும் தடுக்காது. முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி. ஒரு சொட்டு வியர்வை கோப்பையில் விழுந்தாலும் கொதிக்கிற சரக்கு தெறிக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும், தட்டிவிட முடியாது. சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

இனி அச்சைத் திறப்போம். அலுமினிய அச்சில் சில நிமிடத்தில் இறுகிவிடும். கைக்கு இறுகின மாதிரி தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கும், தடித்த பகுதி கடைசியாகத்தான் ஆறும். அந்த நேரத்தில் வால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே நிலைத்துவிடும். ஆகவே எடுத்த கையோடு இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். ஒன்று, ஊற்றும் வாயில் நிற்கும் தண்டோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுவது, அகலமான தட்டில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல். அல்லது தண்டைக் கிளிப்பில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, மெல்லிய வால் உள்ள வார்ம்களுக்கு இதுதான் நல்லது, அதன் எடையே அதை நேராக்கிவிடும். நான் ஷாட் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி, அப்புறம் படுக்க வைக்கிறேன்.

எதன்மேல் படுக்க வைப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பிளாஸ்டிசைசர் ஒரு கரைப்பான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் வைத்தால் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். ஒரு நண்பர் ஊற்றின முத்து வெள்ளை ஷாட் ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது வயிற்றுப் பக்கம் வரி விளம்பரத்தின் எழுத்துகள் வலம் இடமாக மாறி, ‘வாடகைக்கு’ என்று படிக்கும் அளவுக்குத் தெளிவாகப் பதிந்திருந்தது. தேய்த்தால் போகாது, அது மேலே ஒட்டியில்லை, உள்ளே போயிருக்கிறது. வார்னிஷ் அடித்த மேசையில் வைத்தால் மேசையும் பாழ், லூரும் பாழ். சாப்பாட்டு மேசை விரிப்பு பெரும்பாலும் பிவிசிதான், அதில் ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை, அலுமினிய ஃபாயில், பேக்கரியில் போடும் பட்டர் பேப்பர், இதெல்லாம் சரி. வயிறு தட்டையாக வேண்டிய லூரை வயிறு கீழே இருக்கும்படியும், மற்றதைப் பக்கவாட்டில் வால் எதிலும் முட்டாமலும் வையுங்கள். ஒரு லூர் இன்னொன்றைத் தொடக் கூடாது.

ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். வேக வேண்டியது முன்பே வெந்துவிட்டது, ஆனால் இறுக்கம் முழுசாக நிலைக்க நேரம் எடுக்கும், அன்றைக்குத் தொட்டுப் பார்த்து இளக்கமாக இருக்கிறதே என்று நினைப்பது மறுநாள் சரியாகிவிடும். அடுத்த தடவை கலக்கப்போகும் அளவை மறுநாள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, எண்ணெய் கக்குகிற லூர் அந்த ஒரு நாளிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், தட்டில் அதைச் சுற்றி ஈர வட்டம் தெரியும். அதைத் தனியே எடுத்து மறுபடி உருக்கப் போடலாம், கவருக்குள் போய் மற்றதையும் நனைக்காது.

சென்னைக் காற்றில் உள்ள ஈரம் தனிப் பிரச்சினை. ஐப்பசி கார்த்திகையில் உப்பு சேர்த்து ஊற்றுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூடான சரக்கில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகி லூர் முழுக்கப் பொடிக் குமிழி. உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டு எடுத்த லூரையும் நன்றாக உலரவிடாமல் கவரில் போட்டால், நீரும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே மங்கலாக ஒரு படலம் கட்டும். மழை நாளில் ஃபேன் காற்றில் வைத்தால் போதும், வெயிலில் வைக்காதீர்கள், வெறும் வெயிலே வாலை வளைத்துவிடும்.

சரி, எண்ணெய். உலர்ந்த லூரை அப்படியே கவரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் எண்ணெய் தடவுவது வழக்கம். மினரல் ஆயில்தான் சரி, மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டால் கிடைக்கும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் சிக்கு வாடை வந்துவிடும், தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் கவருக்குள் உறையவும் செய்யும். வாசனைக்கு அமெரிக்கக்காரர்கள் காலங்காலமாகப் போடுவது ஆனிஸ் எண்ணெய், அதன் மணத்துக்குக் காரணமான அனெத்தோல் நம் சோம்பிலும் இருக்கிறது. சில சொட்டு போதும். மீனுக்குப் பிடிக்கிறது என்பதைவிட, நம் கையில் உள்ள பெட்ரோல் வாடையையும் வியர்வையையும் அது மறைக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம். இறால் பொடி நானும் போடுவேன், ஆனால் கவரில் போடுவதில்லை, தண்ணீருக்குப் போகும் அன்று காலையில் தடவுவேன். எவ்வளவு எண்ணெய் என்றால், கவரை நிமிர்த்திப் பிடித்தால் அடியில் சொட்டுக்கூடச் சேராமல், லூர் மட்டும் பளபளப்பாக இருக்க வேண்டும்.

கவர் வாங்கப் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைக்குப் போனால் முதல் கேள்வியே, “என்ன சரக்கு சார் போடப்போறீங்க, எத்தனை மைக்ரான் வேணும்?” என்பதுதான். எண்ணெய்ப் பொருள் என்று சொல்லிவிடுங்கள். எல்.டி. என்றால் மெத்தென்று இருக்கும் பாலித்தீன், பி.பி. என்றால் சட்டைக் கவர் மாதிரி சரசரக்கும் பாலிப்ரோப்பிலீன். இரண்டும் பிளாஸ்டிசைசரைத் தாங்கும். ஜிப்லாக் வைத்த எல்.டி. கவர் 100 மைக்ரான் அளவில் வாங்கினால் ஜிக் ஹெட் பட்டாலும் உடனே ஓட்டை விழாது. மெல்லிய கவர் மலிவுதான், ஆனால் பைக்குள் எண்ணெய் பரவி ஒரு நாள் ரீல் மேல் ஏறும்போது அந்த லாபம் போய்விடும். அடியில் விரிந்து நிற்கும் பவுச்சும் நல்லதுதான், அகலம் இருப்பதால் வால் நசுங்காது.

கண்ணாடி மாதிரி தெளிவான, தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதில் சாஃப்ட் பிளாஸ்டிக்கைப் போட்டால் பெட்டியே இளகி லூரோடு ஒட்டிக்கொள்ளும், பெட்டியில் லூரின் உருவம் குழியாக விழுந்துவிடும். தெர்மாகோலும் அதே இனம். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், 2, 4, 5 என்றால் தைரியமாகப் போடலாம், 1 என்றால் பெட், அதுவும் சரி. 6 என்றால் வேண்டவே வேண்டாம், 3 என்றால் அதுவே பிவிசி. எண் இல்லாத பெட்டி என்றால் ஒரு பழைய லூரை ஒரு வாரம் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அதைவிட முக்கியம், எதோடு எது சேரக் கூடாது என்பது. இசட்மேன் கம்பெனியின் எலாஸ்டெக் போன்ற டிபிஇ (பிவிசி இல்லாத, ரப்பர் மாதிரி வேறொரு பிளாஸ்டிக்) வகை லூர்களை நம் பிளாஸ்டிசால் லூரோடு ஒரே கவரில் போட்டால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும், பிரிக்கவே முடியாது. பெயின்ட் அடித்த ஜிக் ஹெட்டை மாட்டியபடியே கவரில் திரும்பப் போட்டால் பெயின்ட் பிசுபிசுத்துப் போகும், உப்பு சேர்த்த லூர் என்றால் தூண்டில் ஊசி ஒரே இரவில் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். கலர் விஷயத்திலும் அப்படித்தான். ஃப்ளூரசன்ட் கலரும் சிவப்பும் ஓடும், பக்கத்திலிருக்கும் வெள்ளையும் தெளிந்த நிறமும் அதை வாங்கிக்கொள்ளும், எந்த எண்ணெயும் இதைத் தடுக்காது. ஒரு கவரில் ஒரு கலர். ஐந்து கலரைக் கலந்து ஒரே கவரில் கேட்கும் நண்பர்களுக்கு நான் ஐந்து சின்னக் கவராகத்தான் கொடுக்கிறேன்.

போடும்போது எல்லா வாலும் ஒரே பக்கம், வாய்ப் பக்கம் தலை, வால் கவரின் அடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி. காற்றை முழுக்கப் பிதுக்கி எடுக்காதீர்கள், கொஞ்சம் காற்று உள்ளே நின்றால் அதுவே மெத்தை. வேக்யூம் சீல் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வாலை நசுக்கி வைப்பதற்கு எளிய வழி. ஹேண்ட் சீலரில் ஒட்டுகிறீர்கள் என்றால் எண்ணெயை லூரில் தனியே தடவிவிட்டு, கவரின் வாயை ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், எண்ணெய் பட்ட விளிம்பு ஒட்டின மாதிரி தெரியும், இரண்டு நாளில் பிரிந்துகொள்ளும். கவரில் தேதி, சரக்கு, இளக்க எவ்வளவு எண்ணெய் சேர்த்தோம், உப்பு உண்டா இல்லையா என்று பர்மனென்ட் மார்க்கரில் எழுத வேண்டாம், கையெண்ணெய் பட்டதும் அழியும். பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி, அதை ஒரு குட்டிக் கவருக்குள் போட்டு, உள்ளே வைத்துவிடுங்கள். நல்ல மீன் கொடுத்த லூரை மறுபடி அதே பதத்தில் ஊற்ற இந்தச் சீட்டு இல்லாமல் முடியாது.

கவர்களை அடுக்கிவைக்கும் இடம் வீட்டில் நிழலான அலமாரி. படுக்கை வசத்தில், மேலே கனம் எதுவும் இல்லாமல். மே மாதத்தில் ஈ.சி.ஆர். ஓரம் காரை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் கவரைப் போட்டுப் போகாதீர்கள், திரும்பி வருவதற்குள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே இறுகியிருக்கும். அப்படி ஆனாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, லூரைத் தலைப்பக்கம் இடுக்கியால் பிடித்து உள்ளே விடுங்கள். சில நொடியில் வால் தானாக விரிந்து பழைய உருவத்துக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். வந்ததும் எடுத்துத் தட்டில் நேராகப் படுக்கவைத்து, மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். கடையில் வாங்கின லூருக்கும் இந்த வைத்தியம் செல்லும்.

பேத்தை கடித்துத் துப்பின துண்டுகளையும் கிழிந்த உடம்புகளையும் தண்ணீரில் எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றில் அப்படியே கிடக்கும். பைக்குள் ஒரு காலிக் கவர் வைத்துக்கொண்டு அத்தனையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். டிபிஇ துண்டு கலந்திருந்தால் முதலில் அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள், சந்தேகம் உள்ளதையும் சேர்த்து. மிச்சத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஊசி முனை ஏதாவது உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, பொடிப்பொடியாக நறுக்கி, கொஞ்சம் பிளாஸ்டிசைசர் விட்டு உருக்கினால் மறுபடி ஊற்றலாம். மறுமுறை உருக்கினது கொஞ்சம் மஞ்சளிக்கும், அதனால் வெள்ளை, முத்து நிறம் எல்லாம் வராது. கறுப்பும் அடர்ந்த பச்சையும் கலந்து விடுங்கள், கலங்கல் தண்ணீரில் விராலுக்கு அந்த நிறம்தான் நன்றாக எடுபடுகிறது.